நேஷனல் பார்க்ல டென்ட் போட சைட் கிடைக்கலையா? ஸ்டேட் பார்க் கேம்பிங் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நாங்க டெக்சஸ்ல இருக்கோம், ரெண்டு பசங்க, 11 வருஷமா லீவு விட்டா டென்ட்டைத் தூக்கி கார்ல போட்டுக்கிட்டு கிளம்பிடுவோம். நம்ம ஆளுங்க நிறைய பேர் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன்னு பெரிய பேரா பாத்துட்டு, நடுவுல இருக்கற, மாநில அரசு நடத்தற ஸ்டேட் பார்க்கை எல்லாம் எழுபது மைல் வேகத்துல தாண்டிப் போயிடறாங்க, அது எனக்கு நிஜமாவே மனசு கேக்கல. அதான் கேள்வி கேளுங்கன்னு சொன்னேன். வந்ததுல சிலது இங்க.

கேள்வி: அக்கா, மே மாசம் யூட்டா போறோம். ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ் மூணுலயும் ஒரு சைட் இல்ல. மோட்டல்தான் வழியா?

இல்லப்பா, யூட்டாவுல போய் மோட்டல்ல படுக்கவே படுக்காதீங்க. பிரைஸ் பக்கத்துலயே கேனன்வில் ஊரைத் தாண்டி கோடாக்ரோம் பேசின்னு ஒரு ஸ்டேட் பார்க் இருக்கு, 1948ல நேஷனல் ஜியாகிரபிக் குழு ஒண்ணு வந்து அந்தக் கலரைப் பாத்துட்டு கோடாக் ஃபிலிம் பேரையே வச்சிட்டுப் போனாங்க, அப்புறம் கம்பெனி ஏதாவது சொல்லுமோன்னு பயந்து கொஞ்ச நாள் வேற பேர்ல ஓட்டி, கோடாக் சரின்னதும் பழைய பேரே திரும்ப வந்துச்சு. தனித்தனியா தூண் மாதிரி நிக்கற பாறைங்க, சாயங்காலம் வெயில் சாயும்போது செவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு மாறிக்கிட்டே இருக்கும்.

அங்கேருந்து கிழக்கால போற வழியில கோப்ளின் வேலி ஸ்டேட் பார்க். குட்டிக் குட்டியா காளான் மாதிரி பாறை ஆயிரக்கணக்குல, நடுவுல நடக்கறதுக்கு பாதைன்னு ஒண்ணு கெடையாது, பசங்க இஷ்டத்துக்கு ஓடி ஒளிஞ்சு விளையாடலாம். பகல்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, ராத்திரி தங்கறவங்க கொஞ்ச பேர்தான், ஆனா அந்த இடத்தோட அழகே இருட்டினப்புறம்தான். காத்து பலமா அடிக்கும், டென்ட் ஆணிய நல்லா அடிங்க.

மோவாப் பக்கம்னா டெட் ஹார்ஸ் பாயின்ட். கொலராடோ ஆறு 2,000 அடி கீழ வளைஞ்சு ஓடறது தெரியும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அங்க குழாய்த் தண்ணி லைன் கெடையாது, லாரிலதான் மேல கொண்டு வராங்க, அதனால கேன் எல்லாம் மோவாப்லயே ரொப்பிக்கிட்டுப் போங்க. நாங்க முதல் தடவ அது தெரியாம போயி ராத்திரி எட்டு மணிக்கு முப்பது மைல் திரும்பி வந்தோம். யூட்டாவுல 4 மாசம் முன்னாடி புக்கிங் திறக்கும்.

கேள்வி: எங்ககிட்ட நேஷனல் பார்க் வருஷ பாஸ் இருக்கு, ஸ்டேட் பார்க்குக்கும் செல்லுமா?

செல்லாது. அது மத்திய அரசோடது, ஸ்டேட் பார்க் அந்தந்த மாநிலத்தோடது. டெக்சஸ்ல ஸ்டேட் பார்க்குக்கு வருஷ பாஸ் தனியா இருக்கு, கார்ல வர்ற எல்லாருக்கும் சேத்து. மிசூரி, ஆர்கன்சால எல்லாம் நுழைவுக் கட்டணமே கெடையாது, சைட்டுக்கு மட்டும் கட்டினா போதும்.

கேள்வி: டல்லாஸ்லேருந்து கொலராடோ போறோம் அக்கா. வழியில அமரில்லோவுல தங்கறதுதான் வழக்கம். வேற ஏதாவது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கேப்ராக் கேன்யன்ஸ். ஹைவே 287லேருந்து ஒரு மணி நேரம் உள்ள போகணும், போகலாம். டெக்சஸ் மாநிலத்தோட பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் அங்கதான் இருக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் இல்ல, பார்க் முழுக்க திரியும், காலைல டென்ட் ஜிப்பைத் திறந்தா உங்க சைட்டுக்குப் பக்கத்துலயே மேஞ்சுக்கிட்டு நிக்கும். 1870கள்ல தோலுக்காக லட்சக்கணக்குல சுட்டுத் தள்ளினப்ப, சார்லஸ் குட்நைட்டுங்கற பண்ணைக்காரரோட மனைவி, அனாதையா நிக்கற கன்னுக்குட்டிய பாத்துட்டு, இதுங்கள காப்பாத்துங்கன்னு புருஷன்கிட்ட சொல்லியிருக்காங்க, அப்படி வளத்த கூட்டத்தோட வாரிசுங்கதான் இப்ப இருக்கறது. அந்தம்மா சொல்லலன்னா இன்னிக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வரும். 50 கஜம் தள்ளி நில்லுங்க, பசங்கள கைய விட்டு விடாதீங்க, செல்ஃபிக்கு கிட்ட போகவே போகாதீங்க.

கேள்வி: செயின்ட் லூயிஸ் பக்கம் தண்ணில விளையாடற மாதிரி எடம்?

மிசூரில ஜான்சன்ஸ் ஷட்-இன்ஸ் ஸ்டேட் பார்க். நூறு கோடி வருஷத்துக்கும் மேல பழசான எரிமலைப் பாறைக்கு நடுவுல பிளாக் ரிவர் புகுந்து போகும், இயற்கையாவே தொட்டி தொட்டியா இருக்கும், நம்ம குத்தாலம் ஞாபகம் வந்துடும். 2005 டிசம்பர்ல மலை மேல இருந்த டாம் சாக் நீர்த்தேக்கம் ஒடஞ்சு, நூறு கோடி காலனுக்கு மேல தண்ணி இறங்கி கேம்ப்கிரவுண்டையே அடிச்சுட்டுப் போயிடுச்சு. பார்க் அதிகாரியோட குடும்பம் அதுல அடிச்சுட்டுப் போயும் உயிர் பொழச்சாங்க. அப்ப குளிர்காலம்ங்கறதால டென்ட்ல கூட்டம் இல்ல. இப்ப கேம்ப்கிரவுண்ட வேற எடத்துல கட்டியிருக்காங்க. பாறை வழுக்கும், பழைய ஷூவோட இறங்குங்க.

கேள்வி: அட்லாண்டா?

பிராவிடன்ஸ் கேன்யன். 1800கள்ல மண்ணைப் பத்தி யோசிக்காம பருத்தி போட்டதுல மழைத்தண்ணி அரிச்சு அரிச்சு 150 அடி ஆழத்துக்குப் போயிடுச்சு. ஆனா கார நிறுத்தி டென்ட் போடற சைட் அங்க இல்ல, பை தூக்கி நடந்து போறவங்களுக்குத்தான். குடும்பமா போனா பக்கத்துல ஃப்ளாரன்ஸ் மரீனா ஸ்டேட் பார்க்ல தங்கிக்கங்க.

கேள்வி: சாப்பாடு என்ன பண்றீங்க? சாம்பார் வாசனைக்கு கரடி வருமா?

முதல் நாள் புளியோதரை, தயிர்சாதம், வீட்டுலேருந்தே. ரெண்டாம் நாள்லேருந்து ரெண்டு பர்னர் கேஸ் ஸ்டவ், குட்டி குக்கர். மாவ தண்ணி விடாம கெட்டியா அரைச்சு ஐஸ் பெட்டில வச்சா ரெண்டு நாள் தோசைக்கு வரும். கரடி இருக்கற எடத்துல இரும்புப் பெட்டி குடுத்திருப்பாங்க, ஊறுகாய், பிஸ்கட், டூத்பேஸ்ட் வரைக்கும் அதுக்குள்ள, டென்ட்டுக்குள்ள ஒரு முறுக்குகூட வேண்டாம். கரடி இல்லாத எடம்னாலும் இதே பழக்கம்தான் நல்லது, எங்க டெக்சஸ் டேவிஸ் மவுன்டன்ஸ்ல ஜாவலீனான்னு பன்னி மாதிரி ஒண்ணு கூட்டமா வந்து குப்பைய இழுத்துப் போடும்.

கேள்வி: வீட்டுல விறகு கெடக்கு, எடுத்துட்டு வரலாமா?

தயவுசெஞ்சு வேண்டாங்க. ஆஷ் மரத்த அரிக்கற பச்சை வண்டு, 2002ல டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்சாங்க, அது மாநிலம் மாநிலமா பரவினதுக்கு இப்படி கார்ல போன விறகும் ஒரு காரணம், கோடிக்கணக்குல மரம் செத்துப்போச்சு. அங்கயே ஒரு கட்டு வாங்கி அங்கயே எரிங்க.

கேள்வி: நியூ ஜெர்சில நட்சத்திரமே தெரியல.

பென்சில்வேனியால செர்ரி ஸ்பிரிங்ஸ் ஸ்டேட் பார்க். அமாவாசைய ஒட்டிப் போங்க. பால்வீதி அப்படியே தலைக்கு மேல படிஞ்சிருக்கும். டெலஸ்கோப் வைக்கற மைதானத்துல வெள்ளை லைட் போடக்கூடாது, சிவப்பு மட்டும்தான், செல்ஃபோனும் சேத்து. சின்னப் பசங்க இருந்தா அந்த மைதானம் வேண்டாம், பக்கத்துல சாதாரண கேம்ப்கிரவுண்ட் இருக்கு.

கேள்வி: இந்த மாதிரி எடத்தையெல்லாம் எப்படி கண்டுபிடிக்கறீங்க?

மேப்ல ரூட் போட்டு, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி, அம்பது மைல் சுத்தி பச்சையா என்ன தெரியுதுன்னு பெருசாக்கிப் பாப்பேன். அப்புறம் அந்த மாநிலத்தோட பார்க் வெப்சைட்லயே போய் கேம்ப்கிரவுண்ட் படம் பாப்பேன், நிழல் எங்க, பாத்ரூம் எவ்வளவு தூரம்னு. ஞாயிறுலேருந்து வியாழன் வரைக்கும் பெரும்பாலும் கிடைக்கும். வெள்ளி சனிதான் வேணும்னா கடைசி வாரத்துல தினம் பாருங்க, கேன்சல் பண்றவங்க அப்பதான் பண்ணுவாங்க. சந்தேகம்னா பார்க் ஆபீஸுக்கே போன் போடுங்க, ரேஞ்சர்ங்க பொறுமையா சொல்லுவாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு ஆறு வயசு, இருட்டுன்னா பயம். முதல் தடவ எங்க போகட்டும்?

வீட்டுலேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள எதாவது ஒண்ணு, ஒரே ஒரு ராத்திரி. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேந்து, டென்ட்ட அவளையும் சேத்துக்கிட்டுப் போடுங்க, பாத்ரூமுக்கு ரெண்டு தடவ நடத்திக் கூட்டிட்டுப் போய் வழிய பழக்குங்க, அவ கைக்குன்னு ஒரு டார்ச் குடுத்துடுங்க. ராத்திரி அழுதா கார்ல படுக்க வச்சுக்கங்க, பரவாயில்ல. எங்க சின்னவன் முதல் ராத்திரி கார்லதான் தூங்கினான்.