டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு) திட்டங்களுக்கு யார் தலைமை என்பதில் நாடாளுமன்றத்துக்கு ஏதாவது பிடி இருக்கிறதா?

கேள்வி கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் தேர்வுக்கான பதில்: இல்லை. டி.ஆர்.டி.ஓ. தலைவரை நியமிப்பது பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு. எம்.பி.க்கள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதும் நீங்களும் நானும் தெரிந்துகொள்வதும் ஒரே நாள் பேப்பரில்தான். தலைவருக்கே இதுதான் கதி என்றால் கீழே ஒவ்வொரு ஆய்வகத்திலும் திட்ட இயக்குநராக யார் வருகிறார், எத்தனை மாதம் இருக்கிறார் என்பதெல்லாம் முழுக்க உள்வீட்டு விவகாரம்.

இனி தேர்வுக்கு உதவாத பதில்.

நான் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தில் 29 வருடம் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், என்ன சாதனம் என்று கேட்காதீர்கள், ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். "கவர்ன்மெண்ட் சம்பளத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு இப்போது நியாயம் பேசுகிறார்" என்று எழுத ஒருவர் வருவார், அவருக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தவர்களும் அதே சம்பளத்தில்தான் இருந்தோம்.

ஒரு தடவை எங்கள் ஆய்வகத்துக்கு நாடாளுமன்றக் குழு வந்தது. பாதுகாப்புத் துறை நிலைக்குழு, மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், மொத்தம் 31. அன்று வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். அதற்கே ஒரு வாரம் முன்னாலிருந்து நடைபாதை ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாடகைக்குப் பூந்தொட்டி இறக்கி, ஓடாத ஒரு மெஷினை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். வந்தவர்கள் எடை எவ்வளவு, எவ்வளவு தூரம் போகும், வெளிநாட்டுச் சரக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். நம் ஆட்களும் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். கடைசி வரிசையில் வயதான உறுப்பினர் ஒருவர், வடக்கத்திக்காரர், அதுவரை வாயே திறக்கவில்லை. திடீரென்று திட்ட இயக்குநரைப் பார்த்து, நீங்கள் இந்தப் பொறுப்புக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று இந்தியில் கேட்டார். ஏழு மாதம் என்றார் இவர். உங்களுக்கு முன்னால் இருந்தவர்? ஒன்றரை வருடம். அவருக்கு முன்னால்? இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போன நேரம் பார்த்து சமோசாத் தட்டு உள்ளே வந்துவிட்டது.

அத்தோடு போகவில்லை. இரண்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து கேள்விப் பட்டியல் வந்தது, அதில் ஒன்று அந்தப் பெரியவர் கேட்டதே. தொடக்கத்திலிருந்து இந்தத் திட்டத்துக்கு யார் யார் பொறுப்பில் இருந்தார்கள், எவ்வளவு காலம்? பதில் தயார் பண்ணும் வேலை என் தலையில். பழைய ரிஜிஸ்டர்களைத் தேடி ஒரு அட்டவணை போட்டேன். பதினான்கு வருடத்தில் ஆறு பேர். ஒவ்வொருவர் வந்தபோதும் டிசைனில் என்ன மாறியது என்று பக்கத்திலேயே ஒரு பத்தி வேறு, அதிகப்பிரசங்கித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாமவர் வந்து இரண்டாமவர் செய்த கேஸிங்கைத் தூக்கிப் போட்டார், ஐந்தாமவர் வந்து அதையே குடோனிலிருந்து எடுத்து வரச் சொன்னார். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மேலே போன பேப்பர் நாலு மேஜை ஏறி இறங்கித் திரும்பி வந்தது. அட்டவணை முழுக்கப் பச்சை மையில் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் ஒரே வரி: "திட்டத் தலைமையில் தொடர்ச்சி உறுதி செய்யப்பட்டு வந்துள்ளது." அதைத்தான் நான் டைப் அடித்து அனுப்பினேன். குழுவின் அறிக்கையில் தாமதத்துக்கான காரணங்களாகத் தொழில்நுட்பச் சிக்கல், வெளிநாட்டு உதிரிபாகத் தடை என்று வந்திருந்தது. அதுவும் உண்மைதான். ஆள் மாறிய கதை மட்டும் இல்லை.

உச்சியிலும் இப்படித்தான். 2015 ஜனவரியில் டி.ஆர்.டி.ஓ. தலைவர் அவினாஷ் சந்தரின் ஒப்பந்தத்தை, 2016 மே வரை காலம் இருந்தும், திடீரென்று முடித்தார்கள். ஊடகம் வழியாகத்தான் தனக்கே தெரிந்தது என்றார் அவர். இளைய ஆள் வேண்டும் என்றார் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர். நல்லது, இளைய ஆள் வரட்டும். ஆனால் மே மாதக் கடைசி வரை பாதுகாப்புச் செயலாளர்தான் கூடுதல் பொறுப்பாக அந்த நாற்காலியையும் பார்த்துக்கொண்டார். 2018-ல் மறுபடியும் சுமார் மூன்று மாதம் அதே கூத்து. நீக்கியது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை, அரசியல் பேச வந்தவனில்லை. இதற்கு எந்த நாடாளுமன்றக் குழுவின் சம்மதமும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

உடனே அமெரிக்காவைப் பார் என்பார்கள். அங்கே பாதுகாப்புத் துறையில் ஆராய்ச்சிக்கான துணைச் செயலாளரை நாடாளுமன்ற மேலவையான செனட் விசாரித்து ஒப்புதல் தர வேண்டும், உண்மை. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் டார்பா என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் இயக்குநருக்கு அது கிடையாது. 2002-ல் டார்பாவில் ஒரு மாபெரும் தகவல் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தலைமையாக வந்தவர் ஜான் பாயின்டெக்ஸ்டர். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று அந்தக் காசை நிகரகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் பொய் சொன்னார் என்று 1990-ல் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தப்பியவர். தங்களிடம் பொய் சொன்ன ஆள் என்று தெரிந்தும் அந்த நியமனத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை. காசில் கை வைத்தார்கள். கூச்சல் பெரிதாகி 2003 ஆகஸ்டில் அவர் விலகினார், அடுத்த மாதம் திட்டத்துக்கான பணத்தையும் வெட்டினார்கள். நம் ஊரில் அமைச்சகம் கேட்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் என்று பெயருக்கு இருக்கிறது, பெரும்பான்மை அரசு இருக்கும்போது அது எங்கே ஜெயிக்கும்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், 24-வது பிரிவில் டி.ஆர்.டி.ஓ.வுக்கு விலக்கு, ஊழலும் மனித உரிமை மீறலும் தவிர.

மிச்சம் இருப்பது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை. 178 முக்கியத் திட்டங்களில் 119 சொன்ன தேதிக்கு முடியவில்லை என்று 2022 டிசம்பரில் வந்த அறிக்கை சொன்னது. போர் விமானத்துக்கான காவேரி எஞ்சின் 1989-ல் 382.81 கோடியில் ஆரம்பித்து 2,839 கோடிக்கு ஏறியதையும் அவர்கள்தான் எழுதினார்கள். காசையும் தேதியையும் அழகாக எண்ணுவார்கள். ஆளை எண்ணுவதில்லை.

ஆள் கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. என் பென்ஷன் ஆர்டரில் மனைவியின் இனிஷியலைத் தப்பாக அடித்துவிட்டார்கள், அதைத் திருத்தப் போனால் 29 வருடம் நுழைந்த அதே கேட்டில் பாஸ் வாங்க இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். உள்ளே போனால் சம்பந்தப்பட்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம், புதியவர் அடுத்த வாரம் வந்து சேருவாராம். மூன்று நடை நடந்துவிட்டேன், இன்னும் திருந்தவில்லை.

தம்பி, தேர்வில் வந்தால் இதையெல்லாம் எழுதி வைக்காதீர்கள். 21, 10, மொத்தம் 31, நிலைக்குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.