துறைகளுக்கு நடுவே சுவர் எதற்கு? கேள்வி பதில்

(நிலவியல் கற்பிக்கிறேன். துறை எல்லைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

எப்போதும் டைனோசர் அழிவையே உதாரணம் சொல்கிறீர்கள். ஏன் சார்?

இத்தாலியில் குப்பியோ ஊருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் களிமண் படலம் இருக்கிறது. அதற்குக் கீழே நுண்ணிய கடலுயிர்க் கூடுகள் ஏராளம். மேலே அவற்றில் பெரும்பாலானவற்றைக் காணோம். டைனோசர்கள் அழிந்த காலத்தைச் சேர்ந்த அந்தக் களிமண் படிய எவ்வளவு காலம் பிடித்தது? நிலவியலாளர் வால்டர் ஆல்வரெஸ் தன் அப்பா லூயிஸிடம் பேசினார். அவர் நோபல் வாங்கிய இயற்பியலாளர். விண்வெளித் தூசியோடு இரிடியம் என்ற அரிய உலோகம் சீராக விழுகிறது, அதை அளந்தால் காலம் தெரியும் என்றார். வேதியியலாளர்கள் அசாரோவும் ஹெலன் மிச்செலும் அளந்தார்கள். வழக்கத்தைவிட சுமார் 30 மடங்கு! வெறும் தூசியால் அவ்வளவு வராது. சிறுகோள் ஒன்று மோதியதால்தான் அந்த அழிவு நடந்திருக்க வேண்டும் என்று நால்வரும் 1980இல் எழுதினார்கள்.

இதில் சுவர் எங்கே வந்தது?

அந்த மோதல் உண்டாக்கிய பள்ளத்தைத் தேடியபோது. மெக்சிகோவில் எண்ணெய்க்காகக் காந்தப்புல ஆய்வு செய்த கிளென் பென்ஃபீல்டுக்கு, 1978இலேயே யுகடான் கரையோரம் பெரிய வளைவு ஒன்று தெரிந்தது. அவரும் சக ஆய்வாளர் கமார்கோவும் 1981இல் புவி இயற்பியலாளர் மாநாட்டில் அதைச் சொன்னார்கள். மோதல் நிபுணர்கள் பலர் வேறொரு மாநாட்டுக்குப் போயிருந்தார்கள். இப்போது சிக்சுலுப் என்று அழைக்கப்படும் அதுதான் தேடிய மோதல் பள்ளம் என்ற ஆய்வுக் கட்டுரை வந்தது 1991இல். பத்து வருடம் வீண். இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

எல்லாரும் எல்லாத்தையும் தொட்டால் நுனிப்புல் மேய்வதாகிவிடாதா?

நியாயமான பயம். ஆனால் இரிடியம் போல நூறு கோடியில் சில பங்கே இருக்கும் தனிமத்தை அளப்பது நுனிப்புல் வேலை இல்லை. ஆழம் கட்டாயம் வேண்டும். "இது எங்கள் துறைக் கேள்வி இல்லை" என்று தள்ளிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். இளக்காரமும் ஒரு சுவர்தான்: லூயிஸ், தொல்லுயிரியலாளர்களைத் தபால்தலை சேகரிப்பவர்களோடு ஒப்பிட்டார். அது தப்பு. புதைபடிவங்களைப் பொறுமையாக அடுக்கிவைத்தவர்கள் இல்லாவிட்டால், எது எப்போது அழிந்தது என்றே தெரிந்திருக்காது. தக்காண எரிமலைகளுக்கும் அந்த அழிவில் பங்குண்டா என்ற விவாதமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

என் பிஎச்டி தலைப்பு மண்ணியலுக்கும் தொல்லியலுக்கும் நடுவில். இரண்டு துறையும் "எங்களுடையது இல்லை" என்கிறார்கள்.

உங்கள் முதுகலைப் பட்டம் எதிலோ அதில் பதிவு செய்யுங்கள் தம்பி. மற்ற துறையில் ஒருவரை இணை வழிகாட்டியாக, எழுத்துமூலமாகவே கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. அப்புறம், அகழ்வுக் குழியில் மண் மாதிரி எடுக்கும் நாளில் நீங்களே கூட இருங்கள். எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று உங்கள் கையால் குறித்திருந்தால்தான் ஆய்வக முடிவு இரண்டு துறையிலும் செல்லுபடியாகும்.