கவுன்சிலருக்கு நீட்டிய பாட்டில்

கேள்வி: எங்கள் வார்டு பகுதி சபைக் கூட்டத்தில் குடிநீரில் டிரைனேஜ் கலந்து வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு பையன் எழுந்து, கவுன்சிலருக்குச் சால்வை போட்டு, பழுப்புத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஒரு மடக்கு குட்ச்சிட்டு பேசுண்ணே, தொண்ட காஞ்சிருக்கும்" என்றான். கூட்டமே சிரித்தது. கவுன்சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பேச்சு அதோடு நின்றது. அரசியல் பேசும் இடத்தில் இந்தக் காமெடி தேவையா? இப்படிப் பழகித்தானே நகைச்சுவை நடிகர்களைப் பிரசார மேடையில் ஏற்றுகிறார்கள்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எழுந்து போனது கவுன்சிலர். பழியை மட்டும் பையன் தலையில் போடுகிறீர்கள். அவன் ஓடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, நாற்காலியைத் தூக்கி எறியவில்லை. நீங்கள் எல்லாரும் மரியாதையாக, 'மாண்புமிகு' போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியை, பார்த்தவுடன் புரிகிற மாதிரி கேட்டிருக்கிறான். குடிக்கிற தண்ணீர்தான் என்றால் குடித்துக் காட்டியிருக்கலாம். குடிக்க முடியாது என்றால் அதைச் சொல்லி, குடிநீர் வாரிய டிப்போ இன்ஜினியரை அங்கேயே போனில் பிடித்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. கவுன்சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்.

பையனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கூட்டம் சிரித்து முடித்த கையோடு, "சரிண்ணே, லைன் எப்ப மாத்துவீங்க? தேதியச் சொல்லுங்க, நோட்ல எழுதிக்கறோம்" என்று அவன் அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை, போகட்டும். பக்கத்தில் இருந்த பெரியவர்கள் கேட்டிருக்கலாமே? நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

உங்கள் ஏரியாவுக்குக் கிண்டலின் அருமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு என்று எதுவும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. லெட்டர்பேடில், அதிகார மொழியில், ஒரு சிரிப்புகூட இல்லாமல் வந்த அறிக்கை அது. ஆனால் எர்ணாவூர் கரையில் கறுப்பாக, களி மாதிரி எண்ணெய் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதை மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு எண்ணெயை வாளியில் அள்ளுகிறது என்று ஊரே கேலி செய்தது. இப்போது சொல்லுங்கள், அந்த வாரத்தில் பொறுப்பாகப் பேசியது அறிக்கையா, வாளி ஜோக்கா? கரையில் என்ன நடந்தது என்பதை ஜோக் சரியாகச் சொன்னது. அள்ளியவர்களைப் பார்த்து அது சிரிக்கவில்லை. அவர்கள் கையில் வாளியைத் தவிர வேறெதையும் கொடுக்க முடியாதவர்களைப் பார்த்துச் சிரித்தது.

நான் பயப்படுவது மேடைக்குக் கீழே நிற்கும் கிண்டல்காரனுக்கு இல்லை, மேடையில் உட்கார்ந்திருப்பவரின் நகைச்சுவை உணர்வுக்குத்தான். அவையில் ஒரு உறுப்பினர் எழுந்து தன் தொகுதிச் சாலையைப் பற்றிக் கேட்பார். அமைச்சர் எழுந்து அவர் பெயரை வைத்து ஒரு சிலேடை விடுவார், அடுக்குமொழியில் நாலு வரி சொல்வார். மேஜைகள் தட்டப்படும், கேட்டவரும் சிரித்துவிடுவார். மறுநாள் பேப்பரில் 'அவையில் சிரிப்பலை' என்று செய்தி வரும். சாலையை ஒருவரும் கேட்க மாட்டார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அடிக்கும் ஜோக் தப்பி ஓடும் வழி. பதில் கிடைக்காதவர் அடிக்கும் ஜோக் அந்த வழியை அடைக்கிறது. இரண்டையும் ஒரே 'காமெடி' கணக்கில் எழுதாதீர்கள்.

'கண்ணியம்' என்று ஒரு வார்த்தையைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தீர்கள், இடமில்லாததால் வெட்டிவிட்டேன். உங்கள் ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 இடைத்தேர்தலில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஏப்ரலில், உடைந்த அதிமுகவில் தினகரன் அணிக்குத் தொப்பி சின்னம், ஓ.பி.எஸ். அணிக்கு இரட்டை மின்கம்பம். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு தலைவர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். எதிரணி ஒரு படி மேலே போய், தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டியில் ஜெயலலிதாவின் மாதிரி உருவத்தைப் படுக்கவைத்து ஓட்டுக் கேட்டது. பணப்பட்டுவாடா புகாரில் அந்தத் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது தினகரனின் குக்கர் சின்னம் வந்து 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. இருபது ரூபாய் நோட்டு டோக்கனாகிவிட்டது என்று ஊர் பேசியது. இதையெல்லாம் நடத்தியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பாட்டில் நீட்டிய பையனால் அரசியலின் மானம் போய்விட்டது என்றால், அன்று போனது என்ன?

கிண்டலுக்கு எதிராக அதிகாரம் எடுக்கும் நடவடிக்கைதான் பல சமயம் பெரிய கிண்டலாக முடிகிறது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் திருடர்களோடு ஒப்பிட்டு ஒரு ஜோக் வந்தது. அவை உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஒரு வாரம் சிரித்துவிட்டு ஊர் மறந்திருக்க வேண்டிய ஜோக், இன்றைக்கும் என்னை எழுத வைக்கிறது.

அதற்காகக் கிண்டல் என்றாலே புனிதம் என்று சொல்பவன் நானில்லை. 2012-இல் பள்ளிப் பாடநூலில் இருந்த சங்கரின் பழைய கார்ட்டூன் ஒன்று நாடாளுமன்றம் வரை போனது. அரசியல் சட்டம் என்ற நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. திருமாவளவன் எதிர்ப்புத் தெரிவித்தார், அரசு படத்தை எடுப்பதாகச் சொன்னது. 1949-இல் வரைந்தவர் அரசியல் சட்டம் எழுதுவதில் ஆன தாமதத்தைத்தான் குறிவைத்தார் என்று வாதாடியவர்கள் உண்டு. வாதம் சரியாகவே இருக்கட்டும். புளியந்தோப்பில் ஒரு வகுப்பறையில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் பிள்ளை, சாட்டையை முதலில் பார்க்குமா, தாமதத்தையா? தடை எனக்குப் பிடிக்காத மருந்து. ஆனாலும் வலித்தது என்று சொன்னவர்களை 'நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள்' என்று தள்ளிவிட நான் தயாரில்லை. வடசென்னைக்காரர் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று சினிமா எத்தனை காலம் பழக்கி வைத்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பும் உங்கள் பையன் கிளப்பிய சிரிப்பும் ஒன்றில்லை.

கடைசியாக, பிரசார மேடை நடிகர்கள். அவர்கள் அங்கே கட்சி எழுதிக்கொடுத்ததைப் பேசுகிறார்கள். அதை நையாண்டி என்று சொல்ல மாட்டேன், விளம்பரம் என்பேன். அதற்கும் ஜனங்கள் மயங்குவதாகத் தெரியவில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காக வடிவேலு ஊர் ஊராகப் போய் தேமுதிக தலைவர் விஜயகாந்தைக் கிழித்தார். போன இடமெல்லாம் கூட்டம், விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டியைத் திறந்தால் தேமுதிகவுக்கு 29 இடம், திமுகவுக்கு 23. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் விஜயகாந்த் உட்கார்ந்தார்.