கடைமடைக்கு அப்பால்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நன்செய் இருக்கிறது. அப்பா பார்த்துக்கொள்கிறார். எனக்குச் சென்னையில் வேலை. சமீபத்தில் நண்பர்கள் கூடிய இடத்தில் ஒருவர், "இயற்கை தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். நடுவில் வந்த நோய்தான் மனிதன். அவன் விலகிவிட்டால் போதும்" என்றார். கேட்டபோது சரியென்றே பட்டது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம விலகினா இங்க என்ன இருக்கும்? ஆறே நமக்காகத்தான் வருது. வெள்ளத்துல வீணாக் கடலுக்குப் போற தண்ணியைத் தேக்க வழி பாக்காம இப்படிப் பேசிக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் ஏதோ உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. இயற்கையின் சமநிலையில் மனிதனுக்கென்று தனி இடம், தனிப் பொறுப்பு ஏதாவது உண்டா? இல்லை, அப்படி நினைப்பதே ஆணவமா?

ச., சென்னை

*

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா கேட்ட முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. நாம் விலகினால் இங்கே என்ன இருக்கும்?

டெல்டாவில் மனிதன் விலகிக்கொண்ட இடங்கள் இப்போதே உண்டு. சில வருடங்களாகத் தூர் வாராத ஒரு வடிகால் வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். தண்ணீரே தெரியாத அளவுக்கு வெங்காயத் தாமரை மூடியிருக்கும். இரண்டு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டியிருக்கும். இரண்டும் தென் அமெரிக்கச் செடிகள், மனிதன் கொண்டுவந்து விட்டவை. அடியில் வெளிச்சம் போகாது, தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும், கெண்டையும் கெளுத்தியும் தங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வயலில் நின்ற தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் அழுகும். உங்கள் நண்பர் மனதில் இருக்கும் பழைய காடு அங்கே வருவதில்லை. நாம் கெடுத்துவிட்டு அப்படியே கைவிட்ட இடம் ஒன்று வருகிறது, அவ்வளவுதான். பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதுவும் ஒருநாள் சரியாகலாம். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் ஊரும் இல்லை, அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் நாரையும் இல்லை.

காவிரி டெல்டா, மனிதன் கை படாத நிலமாக இருந்து சுமார் 2000 ஆண்டுகள் ஆகின்றன. கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் கல்லணை, மணற்படுகையின் மேல் கல்லை அடுக்கி ஆற்றைத் திருப்பிய வேலை. 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டுவதற்கு முன் அதைத்தான் பார்த்துப் படித்தார். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் தண்ணீர், கீழே வரவரக் கிளை பிரிந்து, கடைசியில் ஒரு மண்வெட்டி அகல வாய்க்காலாக வயலுக்குள் நுழைகிறது. இந்த வலை முழுவதும் மனிதன் போட்டது. ஆனால் அதில் வாழ்வது மனிதன் மட்டும் இல்லை.

வடுவூர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. பாசனத்துக்காக மனிதன் உண்டாக்கிய ஏரி அது. முத்துப்பேட்டை வட்டாரத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் அப்படித்தான். இரண்டும் பறவைகள் சரணாலயம், இரண்டுக்கும் 2022இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துதான் அவற்றை நிரப்புகின்றன. அங்கே நத்தைகுத்தி நாரை வருகிறது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியுமே, அந்தப் பறவைதான். நத்தையை ஓட்டுக்குள்ளிருந்து உருவித் தின்பதற்கு வாகான அலகு. அது இரை தேடுவது ஏரியில் மட்டும் இல்லை, நாம் நட்ட நெல்வயலிலும்தான். மனிதன் விலகினால் அந்த வயலும் இல்லை, அந்த நத்தையும் இல்லை. விஷத்தைக் கொட்டி விவசாயம் செய்தாலும் நத்தை இல்லை. இப்படி நமக்கும் அந்த நாரைக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு உருவாகி எவ்வளவோ காலமாகிவிட்டது. இனிமேல் "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒதுங்குவதை நான் அடக்கம் என்று சொல்லமாட்டேன்.

சரி, இப்போது அப்பாவின் இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்பது டெல்டாவில் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது. அதன் பின்னால் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. வழக்கமான தேதியான ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் அணை திறக்காத வருடங்களில் குறுவை போடாமல் நிலத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஒரு வெள்ளத்தில் கொள்ளிடம் கரை புரண்டு ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். வெள்ள நீரில் ஒரு பங்கைத் தேக்க வேண்டும், ஏரி குளங்களை நிரப்ப வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "வீண்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இந்த இரண்டும் எங்கே போகின்றன? மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டார வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நுழைகின்றன. அங்கே உப்பங்கழியில் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கின்றன. அந்தக் கலப்பில்தான் வெண்கண்டல் செழிக்கிறது. அதன் மூச்சுவேர்களுக்கு நடுவில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. ஆற்றுநீர் வராமல் போனால் உப்பு ஏறும், மரம் குட்டையாகும், ஒரு கட்டத்துக்கு மேல் பட்டுப்போகும். உங்கள் வயலில் மிஞ்சி வாய்க்காலில் வடியும் தண்ணீர், கடலோரத்தில் ஒரு வலைக்காரர் வீட்டுச் சோறாகிறது. தண்ணீர் வீணாகும் இடமா அது?

இன்னொன்றும் இருக்கிறது. ஆறு கடலை நோக்கித் தள்ளாத இடத்தில் கடல் ஆற்றை நோக்கித் தள்ளும். கொள்ளிடத்தின் முகத்துவாரப் பக்கத்து ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகிப்போனதை அங்கிருப்பவர்களிடமே கேட்கலாம். படுகை மணலையும் அள்ளிவிட்டால் உப்புநீர் இன்னும் உள்ளே வர நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

அரசு ஆவணத்திலேயே இதற்கு ஒரு சின்ன ஒப்புதல் உண்டு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் கொடுத்தது போக, சுற்றுச்சூழலுக்கு என்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு என்று 4 டி.எம்.சி. ஒதுக்கியது. நாமெல்லாம் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்ற எண்களை வைத்துத்தான் சண்டை போட்டோம், போட வேண்டியும் இருந்தது. இந்தப் பத்தையும் நாலையும் யாரும் பேசவில்லை. 740இல் 14 போதுமா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான், ஏனென்றால் கடலை ஒட்டி இருப்பவர்கள் நாம்.

முத்துப்பேட்டைக் காட்டின் கதை உங்கள் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, பல பத்தாண்டுகள் அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் சேற்று நிலம் வெயிலில் காய்ந்து உள்வாங்கியது. பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போக முடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பாக இறுகியது. அங்கே விதை வந்து விழுந்தாலும் முளைக்கவில்லை. மனிதன் வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு திரும்பவில்லை, இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து, இறக்கத்தில் வெளியே போக வழி கிடைத்தது. உப்பு குறைந்தது, நட்ட கன்று பிழைத்தது. மனிதன் செய்தது வழியைத் திறந்துவிட்டதும் கன்று நட்டதும்தான். மீதியைக் கடலே ஒரு நாளில் இரண்டு தடவை வந்து பார்த்துக்கொண்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தக் காடு பலத்த சேதம் பட்டது. அதற்குப் பிறகும் அங்கே வேலை நடக்கிறது.

ஆணவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுப்பு என்பது உயர்ந்த பிறவிக்குக் கொடுத்த பட்டம் என்று நினைத்தால் ஆணவம்தான். நான் அப்படி நினைக்கவில்லை. வாய்க்கால் ஷட்டரின் சாவி, மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கர் கையில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவர் ஊரிலேயே பெரியவர் என்பதால் அது அவரிடம் இல்லை. ஆனால் சாவி அவரிடம் இருப்பதால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் பயிர் காய்ந்தால் அவரைத்தான் கேட்பார்கள். நாரையால் மதகை ஏற்றி இறக்க முடியாது. மேட்டூரில் 1934 முதல் ஆற்றின் சாவி நம்மிடம் இருக்கிறது. தண்ணீரோடு வர வேண்டிய வண்டலில் பெரும்பகுதியும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் கேள்வி நம்மிடம்தான் வரும்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த நியாயம் புதிதே இல்லை. தலைமடைக்காரன் தன் வயலை நிரப்பிக்கொண்டு அடைத்தால் ஊரே கூடிக் கேட்கும். தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துக் கடைமடை வரை கொண்டுபோன ஊர்கள் நம்முடையவை. உங்கள் அப்பாவிடம் நான் வேண்டுவதெல்லாம், கடைமடை கடைசி நெல்வயலோடு முடிவதில்லை, அதற்கு அப்பால் அலையாத்திக் காடும் கழியும் கடலும் அந்த வரிசையிலேயே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான். முறைப்பாசனத்தின் நியாயத்தை அறிந்தவருக்கு இது விளங்காமல் போகாது.

மூன்று ஏக்கரில் நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எலிக்கு விஷம் வைக்காதீர்கள். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாரைப்பாம்பும் சேர்ந்து போகும். எலி பிடிக்கும் கிட்டி வைக்கலாம். வயலில் தென்னை மட்டை நட்டு வைத்தால் இரவில் ஆந்தை வந்து உட்காரும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தால் திரும்பத் தொடங்கலாம், மண்ணுக்கு நல்லது. கோடையில் தூர் வாரும் வேலை நடக்கும்போது உங்கள் பாசன வாய்க்காலைப் பார்க்கிற கண்ணோடு வடிகாலையும் பாருங்கள். பாசன வாய்க்காலுக்குக் குரல் கொடுக்கப் பத்துப் பேர் வருவார்கள், வடிகாலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

அப்புறம், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவை முத்துப்பேட்டைக்கு அழைத்துப் போங்கள். ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியோடு படகு போகிறது. கோரையாற்றின் வழியாகவே கழிக்குள் போகலாம். அங்கே வலை போடுகிறவர்களிடம், எந்த வருடம் இறால் நன்றாகக் கிடைத்தது, எந்த வருடம் கிடைக்கவில்லை என்று அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். அந்த வருடங்களில் தன் வயலுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பது அவருக்கு நினைவிருக்கும்.

அன்புடன்