நிகழ்ச்சித் தாளில் உள்ள 'கிறிஸ்டி' யார்?

வணக்கம். 1870ஆம் ஆண்டின் கேப் டவுன் அமெச்சூர் நாடகக் குழுவின் நிகழ்ச்சித் தாளில் 'கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ்' என்றிருப்பதால், அப்பெயர் கொண்ட அமெரிக்கப் பாடகர் குழுவே அங்கு வந்து பாடியதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் கொள்ள இடமில்லை. 1840களில் அக்குழுவை அமைத்து நியூயார்க்கில் புகழ்பெற்ற எட்வின் கிறிஸ்டி 1862இலேயே இறந்துவிட்டார். அதற்குள் பிரித்தானியப் பேரரசெங்கும், முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களை ஏளனம் செய்து பாடிய வெள்ளையர் குழுக்கள் பலவும் அப்பெயரைத் தாராளமாகச் சூட்டிக்கொண்டிருந்தன.

'ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்' பாடலுக்கு எதிரே கிறிஸ்டியின் பெயர் இருப்பதும் சான்றாகாது. அதை இயற்றியவர் ஸ்டீபன் ஃபாஸ்டர். ஆனால், பணம் பெற்றுக்கொண்டு, 1851இல் அச்சான இசைத்தாளில் கிறிஸ்டியின் பெயர் இடம்பெற ஃபாஸ்டரே இசைந்தார் (பின்னர் வருந்தினார் என்பது வேறு கதை). ஒரு நடிகரின் பெயருக்கு அருகிலுள்ள 'போன்ஸ்', இத்தகைய குழுக்கள் மேடையில் அமரும் அரைவட்ட வரிசையின் ஓரத்தில் அமர்ந்து எலும்புத் துண்டுகளைத் தாளமாகத் தட்டும் கோமாளிப் பாத்திரத்தைக் குறிக்கும்.