சி-பெப்டைட் 0.4 என்றால் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரை. இரவில் 22 யூனிட் இன்சுலின், அதோடு மெட்ஃபார்மின், கிளிக்ளசைட் மாத்திரைகள். வெறும் வயிற்றில் எடுத்த சி-பெப்டைட் (கணையத்தின் சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) 0.4, சர்க்கரை 3.8. சென்னையில் சித்தப்பாவுக்கு 1.5 வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டார்களாம். அப்பாவுக்குக் கணையம் ஓய்ந்துவிட்டதா? (சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: முதலில் அலகைப் பாருங்கள். உங்கள் 0.4, லிட்டருக்கு நானோமோல் கணக்கு; சர்க்கரை 3.8, லிட்டருக்கு மில்லிமோல் (இந்திய மி.கி. கணக்கில் சுமார் 68). சித்தப்பாவின் 1.5, அநேகமாக மில்லிக்கு நானோகிராம். அதை 0.33ஆல் பெருக்கினால் 0.5. இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

கணையம் இன்சுலின் சுரக்கும்போது அதே எண்ணிக்கையில் சி-பெப்டைடும் வெளியாகிறது. ஊசி மருந்தில் இது கிடையாது. அதனால் ஊசி போடுபவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று இதில் தெரியும். ஆனால் சர்க்கரை இறங்கினால் கணையமும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். 3.8இல் எடுத்த ரத்தத்தில் 0.4 வந்ததை வைத்து, அதற்கு மேல் சுரக்க முடியாது என்று சொல்ல முடியாது. சோதனையை மறுபடி செய்யத்தான் வேண்டும்.

இந்த முறை பட்டினி வேண்டாம். வழக்கமான மாத்திரை, ஊசியோடு காலையில் எப்போதும்போல ரொட்டியோ கஞ்சியோ சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கட்டும். அதே ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத சி-பெப்டைட் அறிக்கை பாதி அறிக்கைதான். புரட்டாசி, காவடி விரத நாட்களில் போக வேண்டாம். சர்க்கரை தாறுமாறாக ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் இரண்டு வாரமாவது கழியட்டும். அந்தச் சமயத்தில் கணையம் தற்காலிகமாகச் சோர்ந்திருக்கும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறாரா? சில கருவிகளில் அது அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முடிவு (நானோமோல் கணக்கில்) 0.2க்குக் கீழே என்றால் சொந்தச் சுரப்பு ஏறக்குறைய இல்லை. ஊசியை ஒரு நாள்கூட விடக்கூடாது. 0.6க்கு மேல் என்றால் சுரப்பு இருக்கிறது, டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். அப்போதும் உடல் இன்சுலினுக்கு மசியாததால் சிலருக்கு ஊசி தேவைப்படும். நடுவில் வந்தால்தான் சிக்கல்: டைப் 1ஆகவும் இருக்கலாம், பல வருடம் ஊசி போட்ட டைப் 2ஆகவும் இருக்கலாம். அங்கே காட் (GAD) ஆன்டிபாடி சோதனை, அதாவது உடலே தன் கணையத்தைத் தாக்கும் டைப் 1இன் அடையாளத்தைத் தேடும் ரத்தச் சோதனை, கைகொடுக்கும்.

சிறுநீரக அறிக்கையையும் கூடவே எடுத்துப் போங்கள். சி-பெப்டைடை ரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அது பழுதானால் சுரப்பு குறைவாக இருந்தும் எண் பெரிதாகத் தெரியும். கிளிக்ளசைட் கணையத்தைத் தூண்டும் மாத்திரை என்பதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

உண்மையில் சி-பெப்டைடைவிட அந்த 3.8தான் கவலை தருகிறது. இரவு இன்சுலினும் கிளிக்ளசைடும் சேர்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை இன்னும் இறங்கக்கூடும். மறுசோதனைக்குக் காத்திராமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டி அளவைச் சரிசெய்யுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதுவரை படுக்கும்முன்னும் எழுந்ததும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.