சீட்டும் முகமும் – வாசகர் கடிதம்

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகக் காலையில் 20 நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். நன்றாகவே வருகிறது. ஆனால் கடையில் மாலை 6 முதல் 9 வரை யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எதுவும் மனதில் நிற்பதில்லை. கணவருக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கும் அம்மா ஒருவர் போன வாரம் வந்தார். "அவரு போய்ட்டாருப்பா" என்றார். பில்லைப் பார்த்தபடி "சரிம்மா, வேற?" என்றேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. என் தியானத்தில் என்ன குறை?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தியானத்தில் குறை இல்லை. மூச்சு உங்களிடம் பதில் கேட்காது, சில்லறையும் கேட்காது. ஆள் கேட்பார். இரண்டும் வேறு வேறு பழக்கம்.

2009இல் வந்த ஓர் ஆய்வு பத்து மொழிகளின் பேச்சை ஒப்பிட்டது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி முடிந்து, பதில் தொடங்கும்வரை உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி அளவுதான். (தமிழ் அந்தப் பத்தில் இல்லை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் அளந்திருந்தால் கேள்வி முடியும் முன்பே பதில் வந்திருக்கும்.) ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே 600 மில்லிவினாடி பிடிக்கும். ஆக, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் பதிலைத் தயார்செய்கிறோம். உங்கள் கடையில் பெரும்பாலும் "வேற?" என்பதே பதில் என்பதால் அது எப்போதும் நாக்கு நுனியில் நிற்கிறது. அன்று வந்ததும் அதுதான்.

மனதைக் காலி செய்து இதைச் சரிசெய்ய முடியாது. கையிலும் கண்ணிலும் தொடங்குங்கள். வந்தவர் மருந்துச் சீட்டை நீட்டியதும் உங்கள் கண் சீட்டோடு போய்விடுகிறது, அங்கிருந்து அலமாரிக்கு. கை வாங்கட்டும், கண் மட்டும் முகத்திலேயே இருக்கட்டும், அவருடைய முதல் வாக்கியம் முடியும்வரை. ஐந்தாறு வினாடிக்கு மேல் ஆகாது. பணம் வந்ததைக் கூவும் க்யூஆர் பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள். அது பேசும்போதெல்லாம் உங்கள் கண் அங்கே ஓடும்.

பின்னால் நிற்பவர் ரூபாய் நோட்டை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் எந்தக் கவனமும் நிற்காது. அவரைப் பார்த்து "அண்ணே, அடுத்து நீங்கதான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கை இறங்கிவிடும்.

"தல சுத்துதுப்பா" என்று ஒருவர் சொன்னால் "எனக்கும் அப்படித்தான்" என்று பேச்சை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். "எப்ப சுத்துது?" போதும். சொன்னதையே திருப்பிச் சொல்வது ஒருமுறைக்குச் சரி. இரண்டாவது முறை "இன்னா, கலாய்க்கிறியா?" என்று கேட்பார்கள், நியாயம்தான்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு "ம்" தவிர வேறு பதில் வராது. "நான் சரியா சொன்னேனான்னு தெரியணும். இத எப்ப போடுவீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில், காபி டீக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. "காலைல" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் டீயோடு போடுவார்கள். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்பவருக்குக் காலை எது? எழுந்த நேரமா, வீடு திரும்பிச் சாப்பிடும் நேரமா? அவர் வாயால் சொல்லும்போதுதான் அந்தக் குழப்பம் வெளியே வரும், நீங்களும் அவர் சொல்வதை உண்மையில் காதில் வாங்கியிருப்பீர்கள்.

எல்லோரிடமும் இப்படி இருக்க முடியாது, தேவையும் இல்லை. பஞ்சு வாங்க வந்தவருக்குச் சரியான சில்லறை போதும். நாப்கினோ ஆணுறையோ கேட்பவரின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். சட்டென்று கவரில் போட்டுக் கொடுப்பதுதான் அங்கே கவனம். புதுச்சீட்டோடு வருபவர், வழக்கமாகப் பேசுபவர் பேசாமல் நிற்பது, இந்த இரண்டுக்கும் மட்டும் கையை நிறுத்துங்கள்.

அந்த அம்மா மறுபடி வரும்போது பேனா, பில், போன் எதுவும் கையில் இல்லாமல் நில்லுங்கள். "அன்னிக்கு நீங்க ஐயாவப் பத்தி சொன்னத நான் காதுல வாங்கலம்மா. மன்னிச்சுடுங்க." அவ்வளவுதான். "விதி" என்று ஆரம்பிக்காதீர்கள். எப்படி ஆச்சு என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம்; சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். அவர் பேசாமல் நின்றால் நீங்களும் பேசாமல் நில்லுங்கள், அந்த நேரம் நீளமாகத் தோன்றும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை தீரும் தேதியில் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பும் வழக்கம் உங்கள் கடையில் இருந்தால், அந்த ஐயாவின் பெயரை இன்றே அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.